குடிநீர் வழங்கலை விற்க முடியாதபடி சட்டம் எழுதுவது எப்படி? கேள்வி பதில்

கே: அரசு குடிநீர் நிறுவனத்தின் பங்குகளை விற்கக் கூடாது என்று ஒரு வரி போட்டால் போதுமா சார்?

ப: போதாது. பங்கு அரசிடமே இருக்கும். 30 ஆண்டுக் குத்தகையில் குழாயும் மீட்டரும் கட்டண வசூலும் வேறு கைக்குப் போய்விடும். விற்பனை, அடமானம், நீண்டகாலக் குத்தகை, இயக்கும் உரிமை, துணை நிறுவனத்துக்கு மாற்றுவது, புதிய பங்கு வெளியிடுவது என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தடுக்க வேண்டும். கடைசியதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பழைய பங்கில் கை வைக்காமலே, புதுப் பங்கை வெளியாருக்கு ஒதுக்கி அரசின் பிடியைப் பாதிக்குக் கீழே இறக்கிவிடலாம்.

கே: அடுத்த அரசு வந்து சட்டத்தையே ரத்து செய்தால்?

ப: அதுதான் பெரிய ஓட்டை. அயர்லாந்தின் 2014 சட்டப்படி, பங்கைக் கைமாற்றும் மசோதாவை அரசு கொண்டுவருமுன் இரு அவைகளின் தீர்மானமும் மக்கள் வாக்கெடுப்பில் பெரும்பான்மையும் வேண்டும். நல்ல பூட்டு. ஆனால் அந்தப் பிரிவையே இன்னொரு சாதாரணச் சட்டம் நீக்கிவிட முடியும். உருகுவே 2004 வாக்கெடுப்பு மூலம், குடிநீர் வழங்கல் அரசின் கையில்தான் என்று அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவிலேயே எழுதிவிட்டது; ஸ்லோவேனியாவும் 2016-இல் நாடாளுமன்றம் மூலம் அரசியலமைப்பைத் திருத்தியது. முடிந்தால் அந்த வழிதான்.

கே: என் சொந்தக் கிணறும் அரசுடைமை ஆகிவிடுமா?

ப: ‘நீர்’ என்று மொட்டையாக எழுதினால் அந்தச் சந்தேகம் வரும். ‘பொதுக் குடிநீர் வழங்கல், கழிவுநீர் அமைப்பு’ என்று வரையறுங்கள். தனியார் கிணறும் ஊரார் சேர்ந்து நடத்தும் திட்டமும் விலக்கு என்று தனி உட்பிரிவு போடுங்கள்.

கே: பங்கு விற்பனைத் தடை மட்டும் இருந்தால்?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: அரசு நிறுவனம் கசிவைக்கூட அடைப்பதில்லை. உங்கள் சட்டம் குழாயை மாற்றுமா?

ப: உடைமைப் பிரிவு மாற்றாது. அதனால்தான் பக்கத்திலேயே இன்னும் மூன்று பிரிவுகள் வேண்டும்: கட்டண வருவாயை வேறு செலவுக்குத் திருப்பத் தடை, குழாய் புதுப்பிக்கத் தனி நிதி, ஆண்டுதோறும் கசிவுக் கணக்கு.

கே: தனியாரிடம் கொடுத்தால் முதலீடு தானாக வருமே!

ப: இங்கிலாந்தில் 1989-இல் பழைய கடனைத் தள்ளுபடி செய்துதான் விற்றார்கள். பின்னர் கடன் மலையாக ஏறியது. அதற்கான வட்டியும் கட்டணத்திலிருந்துதான் போகிறது.

கே: ஒரு பகுதியை மட்டும் விற்றால்?

ப: பெர்லின் 1999-இல் தன் குடிநீர் நிறுவனத்தில் 49.9 சதவீதம் விற்றது. லாப உத்தரவாதம் ரகசிய ஒப்பந்தத்தில் இருந்தது. 2011 வாக்கெடுப்புக்குப் பிறகே மக்கள் கோரியபடி வெளிப்படைத்தன்மை சட்டமானது. 2013-க்குள் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். ‘வெளியிடப்படாத ஒப்பந்தம் செல்லாது’ என்ற வரியை மறக்கவே மறக்காதீர்கள்.

கே: பழுதுபார்க்க ஒப்பந்ததாரர்?

ப: வைக்கலாம். வேலைக்குக் கூலி, அவ்வளவுதான். வசூலில் பங்கு கூடாது.

கே: கட்டணம் எவ்வளவு வைப்பது?

ப: அது ஒழுங்குமுறை ஆணையத்தின் வேலை, அவர்களைக் கேளுங்கள்.