காப்பித் தொலிக் கரி ஈயத்தை எடுக்குமா?

தாண்டிக்குடி நண்பருக்கு, ஊற்றுத் தண்ணீரில் ஈயம் லிட்டருக்கு 0.04 மி.கி. இருக்கிறது, காப்பித் தொலியைச் சுட்ட கரியில் வடிகட்டினால் போதுமா என்கிறீர்கள். போதாது. டின்னில் மூடிச் சுட்டால் வருவது வெறும் அடுப்புக்கரி, ஈயத்தைப் பிடிக்கும் நுண்துளை திறக்க 800 டிகிரிக்கு மேல் நீராவி விடணும், இல்லையென்றால் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறப்போட்டு 500 டிகிரி வாக்கில் சுட்டு அமிலம் போக அலசணும். கோத்தகிரியில் தேயிலைச் சக்கையில் செய்து பார்த்தேன், அலசியே இரண்டு நாள் போச்சு, வாளியெல்லாம் கறுப்பு. கரி நிறைந்து ஈயத்தை விட ஆரம்பித்தாலும் கண்ணுக்குத் தெரியாது, அதுதான் வம்பு. குடிக்க வரம்பு லிட்டருக்கு 0.01 மி.கி. முதலில் குழாய் இணைப்பில் ஈயப்பற்று (ஈயத்தை உருக்கி ஒட்டியது) இருக்கிறதா பாருங்கள். ராத்திரி குழாயில் தேங்கியதையும் ஊற்றில் நேராகப் பிடித்ததையும் தனித்தனி பாட்டிலில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். அப்புறம், கொதிக்கவைத்தால் ஈயம் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும்.