பிறந்ததும் அழாத குழந்தை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கடலூரில் பிரசவ அறைச் செவிலியராக 19 வருடமாக வேலை பார்க்கிறேன். போன வாரம் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன், வந்ததில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

நெல்லிக்குப்பம் அம்மா: சிஸ்டர், என் பெண் பிறந்ததும் அழவில்லை. தலைகீழாகப் பிடித்துத் தட்டாமல், முகத்தில் மாஸ்க்கை வைத்து ஒரு பையை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். அது சரியா?

ரொம்பச் சரிம்மா. வயிற்றுக்குள் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரலில் நீர்தான் இருக்கும், பிறந்து மூச்சு இழுக்கும்போதுதான் அது விலகிக் காற்று புகும். பத்தில் ஒரு குழந்தைக்கு இதற்கு யாராவது கைகொடுக்க வேண்டியிருக்கும். ஈரத்தைத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டாலே பெரும்பாலும் வீறிட்டுவிடும். அப்படியும் மூச்சு வராவிட்டால், இல்லை இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100க்குக் கீழே இருந்தால், பிறந்த 60 விநாடிக்குள் நீங்கள் பார்த்த அந்தப் பையை, ஆம்பு பை என்போம், கையில் எடுத்துவிட வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை அமுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் நெஞ்சு மேலே எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். தலைகீழாகத் தொங்கவிடுவதும் அறைவதும் கெடுதல், யார் செய்தாலும் தடுங்கள்.

தானே புயல் அடித்த 2011 டிசம்பர் 30 அன்று கரன்ட் போய், குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மரும் நின்றுபோன நேரத்தில் ஒரு பையன் மூச்சில்லாமல் பிறந்தான். ஆயாம்மா செல்போன் வெளிச்சம் காட்ட, வெறும் காற்றை வைத்தே அமுக்கினேன், அந்தப் பைக்கு கரன்டும் வேண்டாம், சிலிண்டரும் வேண்டாம். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, முனகினான். துடைத்து அம்மாவின் நெஞ்சோடு வைத்துத் துணியால் மூடினோம், அந்தச் சூடு போதுமானதாக இருந்தது.

வில்லியனூர் அண்ணன்: ஏன் உடனே ஆக்சிஜன் வைப்பதில்லை?

நிறைமாதக் குழந்தைக்குச் சாதாரணக் காற்றில்தான் ஆரம்பிக்க வேண்டும் அண்ணா, அதிக ஆக்சிஜன் கெடுதல் செய்யும். நல்ல குழந்தைக்கே முதல் நிமிடத்தில் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 60 முதல் 65 சதவீதம்தான், 80ஐத் தொட 5 நிமிடம் ஆகும். அதனால் முதலில் நீலமாகத் தெரிந்தால் பதறாதீர்கள்.

நர்சிங் படிக்கும் தங்கை, சிதம்பரம்: நெஞ்சை எப்போது அழுத்த வேண்டும்?

30 விநாடி ஒழுங்காகக் காற்று கொடுத்த பிறகும் துடிப்பு 60க்குக் கீழே இருந்தால் மட்டும். மூன்று அழுத்தல், ஒரு மூச்சு. ஆனால் அதற்கு முன்னால் மாஸ்க் ஓரத்தில் காற்று கசிகிறதா என்று பாரம்மா, பாதி நேரம் தப்பு அங்கேதான் இருக்கும்.

பண்ருட்டி அக்கா: மாலை சுற்றிப் பிறந்தான், மாமனுக்கு ஆகாது என்கிறார்கள்.

நிறையக் குழந்தைகள் அப்படித்தான் பிறக்கின்றன அக்கா, கொடியைத் தளர்த்தித் தலை வழியாக எடுத்துவிடுவோம். மாமனையே வரச் சொல்லித் தூக்கிக் கொஞ்சச் சொல்லுங்கள்.

பாகூர் அப்பா: அட்டையில் அப்கார் முதல் நிமிடம் 4, ஐந்தாம் நிமிடம் 8 என்று இருக்கிறது. மூளை பாதிக்குமா?

அப்கார் என்பது பிறந்த குழந்தையின் மூச்சு, துடிப்பு, நிறம் போன்றவற்றைப் பார்த்து 10க்குப் போடும் மதிப்பெண் ஐயா. முதல் நிமிடத்து 4ஐ வைத்து அப்படிச் சொல்ல முடியாது, 8க்கு ஏறியதுதான் நல்ல சேதி. மூச்சுத் திணறி மூளை பாதித்திருக்கும் என்று சந்தேகம் வந்தால், 6 மணி நேரத்துக்குள் குழந்தையின் உடம்பைக் குளிர்விக்க ஆரம்பித்து 72 மணி நேரம் அப்படியே வைக்கும் சிகிச்சை இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு அது தேவைப்படாமல், நன்றாகப் பால் குடித்து வீட்டுக்கு வந்துவிட்டான். தடுப்பூசிக்குப் போகும்போது கழுத்து நிற்கிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறானா என்று டாக்டரிடம் காட்டுங்கள்.