பாலர் கைவினை கேள்வி – பதில்: உருகிய கடலும் கசிந்த நட்சத்திர மீனும்

மகனின் மூன்றாவது பிறந்தநாளுக்கு ஜெலட்டினில் நீலக் கடல் செய்து, உள்ளே பிளாஸ்டிக் மீன்களைப் பதித்தேன். வாசலில் வைத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, எல்லாம் தண்ணீர். மாமியார் சைவம். ஜெலட்டினைத் தொடவே மாட்டேன் என்கிறார். மாற்று உண்டா?
– வாசகி, பாயான் லெப்பாஸ்

உங்கள் மாமியாரின் அலமாரியிலேயே இருக்கும்: அகார் அகார். ஜெலட்டின் 30, 35 டிகிரியிலேயே இளகிவிடும். குளிர் நாட்டுக் காணொளியில் நிற்பது பினாங்கு வாசலில் நிற்காது. அகார் அகார் ஏறக்குறைய 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் உறையும். திரும்ப உருக 85 டிகிரி வேண்டும். மாட்டுத்தோல், எலும்பு என்ற பேச்சும் இல்லை, இது சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. கடல் செய்யும் பொருளே கடலிலிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

1 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் தூள். 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் இது 2.5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிற்கும். தூளைப் பச்சைத் தண்ணீரில் தூவிக் கலக்கிவிட்டு அடுப்பில் வையுங்கள். சுடுநீரில் கொட்டினால் கட்டி தட்டும். கொதி வந்த பிறகும் 2, 3 நிமிடம் கிளறுங்கள். கரண்டியின் முதுகில் மணல் மாதிரி எதுவும் ஒட்டக்கூடாது. ஒட்டினால் இன்னும் கரையவில்லை, அப்படியே ஊற்றினால் அங்கங்கே தளர்ந்து போகும்.

நிறத்துக்குப் போத்தல் சாயம் வேண்டாம். புலுட் தாய் தாய் என்ற ஒட்டரிசிப் பலகாரத்துக்கு நியோன்யா வீடுகளில் போடும் அதே சங்குப்பூ போதும். காய்ந்த பூ 20, 25 எடுத்து அரைக் கோப்பை சுடுநீரில் 10 நிமிடம் ஊறவைத்துப் பிழியுங்கள். அடுப்பை அணைத்த பிறகு இந்தச் சாற்றைச் சேருங்கள். விளையாட்டின் நடுவில் எலுமிச்சைச் சாற்றை மேலே சொட்டவிட்டால் அந்த இடம் மட்டும் ஊதாவாகும். எலுமிச்சையை அகார் அகாரோடு சேர்த்துக் கொதிக்க வைத்துவிடாதீர்கள், புளிப்பு அதன் பிடிப்பைக் குலைத்துவிடும்.

மீன்களைப் பதிக்கும் நேரம்தான் பலருக்கும் தப்புகிறது. முதலில் முக்கால் பங்கை ஊற்றுங்கள். விரலால் தொட்டால் மேலே ஆடை படிந்திருக்க வேண்டும், ஆனால் தட்டை அசைத்தால் உள்ளே ஆட வேண்டும். அப்போது மீன்களை வைத்து, மீதியைச் சூடாக ஊற்றுங்கள். கீழ்ப்பகுதி முழுதும் ஆறிவிட்டால் இரண்டு அடுக்கும் ஒட்டாமல் வழுக்கிக் கழன்றுவிடும்.

பொம்மை டிசு ரோலின் அட்டைக் குழாய்க்குள் நுழைந்தால், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அது சிறியது. அகார் அகார் துண்டும் தொண்டையில் அடைக்கக்கூடியதுதான், பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும். மிச்சத்தை அன்றே கொட்டிவிடுங்கள்.

பாலர் பள்ளியில் உப்பு மாவில் நட்சத்திர மீன் செய்து, சுட்டு, வண்ணம் பூசி மாட்டினோம். இரண்டு வாரத்தில் பிசுபிசுத்து, சாயம் உரிந்து, சுவரில் நீர் வழிந்தது. நன்றாகச் சுடவில்லையா?
– ஆசிரியை, பட்டர்வொர்த்

சுட்டதில் குறையில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். இங்கே பெரும்பாலான இரவுகளில் அது தாண்டும். கடைகளில் உப்புப் புட்டிக்குள் நாலு அரிசி போட்டு வைப்பதும் இதற்குத்தான். வார்னிஷ் பூசினால் சில மாதம் தள்ளலாம், அவ்வளவுதான்.

உப்பை விட்டுவிட்டுச் சோடா மாவுக்கு மாறுங்கள். சமையல் சோடா 2 கோப்பை, சோளமாவு 1 கோப்பை, தண்ணீர் ஒன்றேகால் கோப்பை. கட்டியில்லாமல் கரைத்து, மிதமான தீயில் விடாமல் கிளறுங்கள். முதலில் நீர்த்தே இருக்கும், பிறகு சட்டென்று இறுகும். மசித்த உருளைக்கிழங்கு பதம் வந்ததும் இறக்கி, ஈரத்துணியால் மூடி ஆறவைத்துப் பிசையுங்கள். இறக்கத் தாமதித்தால் பொடிப்பொடியாக உதிரும், அவசரப்பட்டால் கையில் ஒட்டும். சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போட்டுவிட்டால் நுரைத்துப் பொங்கும். டின் ஒரே மாதிரி இருப்பதால் அடிக்கடி நடக்கிற தவறு இது.

5 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து வெட்டுங்கள். அதில் பதிக்க கெராங் சிப்பியின் ஓட்டை விட நல்ல அச்சு கிடைக்காது, அதன் வரிகள் அவ்வளவு ஆழம். சமையலில் மிஞ்சிய ஓடுகளைக் கொதிக்க வைத்து, மூட்டில் ஒட்டியிருக்கும் சதையைப் பழைய பல் துலக்கியால் தேய்த்தெடுத்து, இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். சதை மிச்சமிருந்தால் வகுப்பே நாறும். பதிக்கும் முன் ஓட்டில் சோளமாவைத் தொட்டுக்கொண்டால் ஒட்டாது.

காயும்போது காற்றாடிக்கு நேரே வைக்காதீர்கள். மேற்புறம் முந்திக் காய்ந்து வெடிக்கும். கம்பித் தட்டில் வைத்து, அவ்வப்போது திருப்பிப் போட்டு, இரண்டு நாள் பொறுங்கள். வண்ணத்தைத் தண்ணீராகக் கரைக்காமல் கெட்டியாக, மெல்லிய இரண்டு பூச்சாகப் பூசுங்கள். எதையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்குச் சோடா மாவும் ஆகாது, உப்பு மாவும் ஆகாது.

தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண மணிகளை இணையத்தில் மலிவாக விற்கிறார்கள். இரண்டு வயதுப் பேத்திக்குக் கடல் தொட்டி வைக்கலாமா?
– பாட்டி, ஆயர் ஈத்தாம்

வேண்டாம். விழுங்கினால் குடலுக்குள் பெருத்து அடைத்துக்கொள்ளும், அறுவை சிகிச்சை வரை போகும். வேகவைத்து, குளிர்நீரில் அலசிய பெரிய ஜவ்வரிசியில் சங்குப்பூச் சாறு ஊற்றுங்கள். அதே வழவழப்புக் கிடைக்கும், ஒன்றிரண்டை விழுங்கினாலும் குடலுக்குள் அப்படிப் பெருக்காது. ஆனால் தொண்டையில் அடைக்கக்கூடும், பக்கத்திலேயே உட்காருங்கள்.

போத்தலுக்குள் அலை செய்தோம். நீலம் பச்சையாகிவிட்டது, கலங்கலும் போகவில்லை.
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பச்சைக்குக் காரணம் சமையல் எண்ணெய். செம்பனை எண்ணெயின் மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சைதான் தெரியும். நிறமற்ற குழந்தை எண்ணெய் வாங்குங்கள். கலங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் போத்தலைக் கழுவிய சோப்பின் மிச்சம். துளி சோப்பு இருந்தாலும் எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறி நீரில் தங்கிவிடும், பிரியாது. வெந்நீரில் நாலைந்து முறை அலசுங்கள். 500 மில்லி போத்தலில் பாதிக்குக் கொதித்து ஆறிய நீர், இரண்டு சொட்டு நீலம், மீதிக்குக் கழுத்து விளிம்பு வரை எண்ணெய். காற்றுக்கு இடம் விட்டால் அலைக்குப் பதில் நுரைதான் வரும். மூடியின் புரியில் எண்ணெய் பட்டிருந்தால் பசை பிடிக்காது, துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

மகள் சோத்தோங் வரைந்து எட்டுக் கால் ஒட்டினாள். ஆசிரியர் தவறு என்றார். யார் சொல்வது சரி?
– வாசகி, ஜார்ஜ் டவுன்

ஆசிரியர். சோத்தோங் என்று நாம் வாங்கும் கணவாய்க்கு எட்டுக் கைகளோடு இரை பிடிக்க நீண்ட இரண்டு உறுப்புகளும் உண்டு, ஆக மொத்தம் பத்து. எட்டோடு நிற்பது ஆக்டோபஸ், தமிழில் எண்காலி. சந்தையில் சுத்தம் செய்யாத கணவாய் ஒன்றை வாங்கித் தட்டில் பரப்பி எண்ணச் சொல்லுங்கள். அப்படியே உடலுக்குள்ளிருந்து கண்ணாடி போன்ற தண்டை மெல்ல உருவி எடுத்துக் காட்டுங்கள். காகிதத்தில் செய்யும்போது எட்டைக் குட்டையாகவும், இரண்டை நீளமாக நுனி அகன்றும் வெட்டினால் ஆசிரியர் வாய் திறக்கமாட்டார்.

பள்ளி விடுமுறையில் பந்தாய் கெராச்சுட் ஆமைப் பாதுகாப்பு மையத்துக்குப் போகிறோம். திரும்பி வந்து ஐந்து வயதுப் பிள்ளைகளோடு என்ன செய்யலாம்?
– வாசகர், நிபோங் திபால்

சிறுவர்களோடு காட்டுப்பாதையில் நடக்காமல், தெலுக் பஹாங்கிலிருந்து படகில் போங்கள். அது தேசியப் பூங்கா, சிப்பியோ சங்கோ எடுத்து வராதீர்கள். காலி ஓடு முனிவன் நண்டுக்கு வீடு. கரையில் ஒதுங்கிய சொறிமீனை, செத்துக் கிடந்தாலும், தொடவிடாதீர்கள்.

அங்கே முட்டையிட வருபவற்றில் பச்சை ஆமையும் ஒன்று. காகிதத் தட்டில் ஓடு வரையும்போது பிள்ளைகள் இஷ்டத்துக்குக் கட்டம் போடுவார்கள். பச்சை ஆமைக்குக் கணக்கு உண்டு: நடுவே 5, இரு பக்கமும் 4, 4, மொத்தம் 13 பெரிய தகடுகள். முதலில் நடுவிலுள்ள ஐந்தை ஒட்டிவிட்டுப் பக்கங்களுக்குப் போனால் இடம் பற்றாமல் போகாது.

அடுத்தது முட்டைக் குழி. பச்சை ஆமை ஒரு தடவைக்கு ஏறக்குறைய 100 முட்டை இடும். முட்டையும் மேசைப்பந்துப் பந்தும் கிட்டத்தட்ட ஒரே அளவு. 20 பந்து வாங்கி, ஈர மணல் நிரப்பிய தொட்டியில் புதைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஐந்து சுற்று புதைத்தால் நூறு, சுற்றுக்கு ஒரு கோடு சுவரில். உலர்ந்த மணல் வேண்டாம், குழி சரிந்து மூடிக்கொள்ளும். கடைசிச் சுற்றில் பந்துகளை எடுக்காமல் விட்டு, புதைத்த நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு, 55ஆம் நாளில் ஆமைக்குஞ்சுப் படம் ஒட்டுங்கள். முட்டை பொரிய 50 முதல் 60 நாள் ஆகும். பத்தாம் நாளே தோண்டிப் பார்க்கக் கேட்பார்கள், தோண்டவிடாதீர்கள்.