மோட்டர் பூட்டினால் சக்தி மிச்சமா?

ஏறாவூரிலிருந்து மட்டக்களப்பு நகருக்குத் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: போகவர 28 கிலோமீற்றர், மோட்டர் பூட்டினால் சக்தி மிச்சமா வீணா, 36 வோல்ற் 10 அம்பியர்-மணி பற்றரி போதுமா என்று.

தம்பி, வெறும் சக்திக் கணக்கு என்றால் மோட்டர்தான் வெல்லும். நாம் சாப்பாட்டிலிருந்து எடுக்கும் சக்தியில் கால்வாசிக்கும் குறைவுதான் பெடலுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் சூடாகிவிடும், வியர்ப்பதே அதனால்தான். நம்முடைய சமதரையில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் உழக்க ஏறத்தாழ 60 வாற்று வேண்டும், அதாவது கிலோமீற்றருக்கு 4 வாற்று-மணி (ஆயிரம் வாற்று-மணி சேர்ந்தால் கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிற்). அதைக் கொடுக்க உடம்பு 16 முதல் 20 வரை எரிக்கிறது. மோட்டருக்கு, சாஜரிலும் பற்றரியிலும் இழப்பதையும் சேர்த்து, 6 போதும்.

ஆனால் அந்த 6 எங்கிருந்து வருகிறது? நுரைச்சோலை மாதிரியான நிலக்கரி நிலையத்தில் எரிவதில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது, ஆக அங்கேயே 18 ஆகிவிட்டது, உங்கள் காலும் மோட்டரும் சமம். கூரையில் சோலார் இருந்து பகலில் சாஜ் போட்டால் மோட்டர் மறுபடி முந்தும். சரி, இரண்டுமே சின்னக் கணக்கு. லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிள் ஒரு கிலோமீற்றருக்கு 180 வாற்று-மணி அளவு பெற்றோலை எரிக்கிறது!

அதனால் காலா மோட்டரா என்பதைவிட எந்த வேகத்தில் போகிறீர்கள் என்பதைத்தான் நான் கேட்பேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும், 15இல் போனவர் 25இல் போனால் அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனி ஆடியில் கச்சான் காற்று முகத்துக்கு நேரே அடிக்கும்போது, அதுவும் 15 வேகத்தில் வந்தால், மெதுவாகப் போகிறவருக்கும் எதிர்ப்பு நாலு மடங்காகிவிடும், வேலை முடிந்து களைத்து அந்த வெக்கையில் திரும்பும்போதுதான் மோட்டரின் அருமை தெரியும். காலையில் காற்று விழுந்திருக்கும் நேரம் அதை நிறுத்திவிட்டே போகலாம்.

உங்கள் பற்றரியில் இருப்பது 360 வாற்று-மணி, நிரப்ப அரை யூனிற்றும் வேண்டாம். உழக்காமல் திரொட்டிலை மட்டும் முறுக்கி 25இல் ஓடினால் கிலோமீற்றருக்கு 12, 13 போகும், வீட்டு வாசலுக்கு வருமுன் தீர்ந்தாலும் தீரும். நீங்களும் சேர்ந்து உழக்கி 18க்குள் ஓடினால் பாதி மிஞ்சும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மோட்டர் கரண்டை அள்ளிக் குடிக்கும், ஆகவே முதல் நாலைந்து மிதியை நீங்களே மிதியுங்கள். ரயரில் காற்றுக் குறைய விடவேண்டாம், எந்த மோட்டரும் அதை ஈடுகட்டாது.

விலை குறைவென்று ஈய-அமிலப் பற்றரி வாங்காதீர்கள். 48 வோல்ற் 12 அம்பியர்-மணி செற் ஒன்று 16 கிலோ அளவில் இருக்கும், உங்களுடைய அளவு லிதியம் பற்றரியோ இரண்டரைக் கிலோவுக்குள். மோட்டரும் உள்ளே கியர் வைத்த ஹப் மோட்டராக (சில்லின் நடுவில் இருக்கும் மோட்டர்) இருக்கட்டும், கியர் இல்லாத வகை பற்றரி தீர்ந்தபின் சில்லை இழுத்துப் பிடிக்கும். காசு கொடுக்குமுன் சுவிற்சை நிறுத்திவிட்டுக் கடைத் தெருவில் ஒரு சுற்று உழக்கிப் பாருங்கள், அப்போதே கால் கனத்தால் வாங்கவேண்டாம்.