புகை பட்டதும் நெஞ்சு அடைக்கிறது. நுரையீரல் நரம்பு தளர்ந்துவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 46. குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கும் வேலை. ஷீட்டை உலர்த்தும் புகைப்புரைக்குள் போனாலோ, ரப்பர் பாலை உறையவைக்கும் ஆசிட்டின் நெடி வந்தாலோ உடனே நெஞ்சு அடைத்து வீசிங் வருகிறது. விடியற்காலையிலும் முட்டுகிறது. ‘நுரையீரல் நரம்பு தளர்ந்துவிட்டது. நரம்பு டெஸ்ட் எடுத்துப் பத்து ஊசி போட வேண்டும். திருவனந்தபுரத்துக்கு நானே கூட்டிப்போகிறேன்’ என்கிறார் தெரிந்தவர் ஒருவர். போகலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் நரம்பு தளரவில்லை, அளவுக்கு மீறிச் சுறுசுறுப்பாக இருக்கிறது.

மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியாக நுரையீரலுக்கு வேகஸ் என்றொரு நரம்பு இறங்குகிறது. அது பெரும்பாலும் கீழிருந்து மேலே சேதி கொண்டுபோகிற நரம்பு. மூச்சுக்குழாயின் உட்சுவரில் புகையோ ஆசிட் நெடியோ பட்டால் அதன் நுனிகள் மூளைக்குச் சொல்லும். ‘வாசலைச் சுருக்கு’ என்ற உத்தரவு அதே நரம்பு வழியாகத் திரும்பி வரும். குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும். இத்தனையும் சில நொடிகளில் நடந்துவிடும். புகை உள்ளே போகாமல் தடுக்க உடம்பு செய்துகொண்ட ஏற்பாடு இது. எல்லோருக்கும் உண்டு. உங்களுக்கு உட்சுவர் ஏற்கெனவே புண்பட்டு வீங்கியிருக்கலாம், அதனால் சின்ன நெடிக்கே நரம்பு கூப்பாடு போடுகிறது. இரவில் இந்த நரம்பின் பிடி கூடும். விடியற்காலை முட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, அந்த ‘நரம்பு டெஸ்ட்’? கை கால் நரம்பைப் பார்க்கிற சோதனை அது, மூச்சுக்குழாயைப் பற்றி எதுவும் சொல்லாது. பத்து ஊசி பெரும்பாலும் வைட்டமின் பி12 ஆக இருக்கும், வீசிங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கூட்டிப்போகிறவருக்குக் கமிஷன் உண்டா என்று நேரிலேயே கேளுங்கள், முகம் சொல்லிவிடும். இன்னொரு கூட்டம் பெயர் ஒட்டாத பொட்டல மாத்திரை விற்கிறது. அதில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. முதல் வாரம் அற்புதமாக இருக்கும், அப்புறம் முகம் உப்பும், சர்க்கரை ஏறும்.

உங்களுக்குத் தேவை ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் சோதனை. ஒருமுறை ஊதி, மருந்து இழுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத வேண்டும். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் நெஞ்சக நோய்ப் பிரிவில் கேளுங்கள். ஆஸ்துமா என்று உறுதியானால் இன்ஹேலர்தான் மருந்து. அதிலுள்ள சிறு அளவு ஸ்டீராய்டு உட்சுவரை ஆற்றும், நரம்பும் தானாக அடங்கும். இன்ஹேலர் இழுக்கக் கற்றுக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம்தான் நம் ஓ.பி. வரிசைகளில் கிடைப்பதில்லை. டப்பாவைக் கையில் திணித்து அனுப்பிவிடுகிறோம், தொண்டையோடு நின்றுபோகிறது மருந்து. காட்டித் தரும்வரை நகராதீர்கள்.

ஒன்று மட்டும் விரிவாகச் சொல்கிறேன், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கண் அழுத்தத்துக்கு டிமோலால் சொட்டு மருந்து போடுகிறீர்களா? கண்ணில் விடுகிற சொட்டு மூக்குக்குள் இறங்கி ரத்தத்தில் கலக்கும். மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்த உடம்புக்குள் சுரக்கும் அட்ரினலினை அது வேலை செய்ய விடாது. நரம்பு இறுக்குகிறது, தளர்த்த ஆளில்லை. ஆஸ்துமா உள்ளவருக்கு ஒரு சொட்டே போதும், இழுப்பு வர. படபடப்புக்கும் தலைவலிக்கும் தருகிற ப்ரொப்ரனலால் மாத்திரையும் அப்படித்தான். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், சொட்டை விட்டால் கண் பார்வை போய்விடக்கூடும். ‘எனக்கு வீசிங் உண்டு’ என்று உடனே போய்க் கண் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு சொட்டு இருக்கிறது. அவர் கேட்கமாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சோதனை முடிந்து மருந்து கிடைக்கும்வரை புகைப்புரைக் கதவைத் திறந்துவைத்து, புகை வெளியேறிய பிறகு நுழையுங்கள். ஆசிட்டைத் திறந்தவெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து அடிக்கும்படி நின்று கலக்குங்கள்.