பதில்: ஆபரேஷன் முடிந்து 3 நாள், அம்மா இன்னும் படுக்கையில்

அக்கா, சாட்ஸ்வர்த்தில் 76 வயது அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிவு ஆபரேஷன் முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டது, வார்டு அட்டவணையில் 'மறுநாளே எழுப்பவும்' என்றிருந்தும் யாரும் எழுப்பவில்லை என்கிறீர்கள். அட்டவணை சொல்வது சரிதான். சில சமயம் தடை ஒரே ஒரு வரியில் இருக்கும்: அந்தக் காலில் எவ்வளவு எடை ஊன்றலாம் என்று சர்ஜன் எழுதாமல் விட்டிருப்பார். அது இல்லாமல் பிசியோ (எழுப்பி நடக்கப் பழக்கும் பிசியோதெரபிஸ்ட்) கை வைக்கத் தயங்குவார். காலை ரவுண்டில் கேட்டு எழுத வையுங்கள்.

அடுத்தது வலி. பிசியோ பத்து மணிக்கு வந்துபோய், மாத்திரை பதினொன்றுக்கு வந்தால் அம்மா எப்படி எழுவார்? மாத்திரை அரை மணி, முக்கால் மணி முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். சிஸ்டரிடம் பிசியோ வரும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.

நீங்களாக எழுப்ப வேண்டாம். அவர்கள் எழுப்பும்போது முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுச் சில நிமிடம். தலை சுற்றினால் பிரஷரும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு வாக்கரோடு நாற்காலி வரை. சாப்பாடும் நாற்காலியிலேயே, அதுவே பாதிப் பயிற்சி.

மூத்திரக் குழாய் இன்னும் இருந்தால் எப்போது எடுப்பார்கள் என்று கேளுங்கள், தொற்றுக்கு அதுதான் வாசல். திடீரென்று குழம்பிப் பேசினால் வயசு என்று விட்டுவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.