அப்ரண்டிஸ் பயிற்சி: பாதி வேலை, பாதி படிப்பு – கேள்வி பதில்

நான் ஐடிஐ பிட்டர். ஆக்ட் அப்ரண்டிஸாக, அதாவது அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் பயிற்சி பெறுபவராக, ஒரு தொழிற்சாலைக்குள் நுழைந்து, பிறகு அங்கேயே பயிற்சிப் பிரிவில் 22 ஆண்டுகள் இருந்தவன். அரம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கை ஓய்வு பெற்றுவிட்டது, வாய் இன்னும் பெறவில்லை. தொழிற்பழகுநர் பயிற்சி பற்றி என்னிடம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஐடிஐ பிட்டர் முடித்த மாணவர்: ஒரு கம்பெனியில் ஓராண்டு அப்ரண்டிஸ் இடம் கிடைத்திருக்கிறது. கான்ட்ராக்டில் போனால் கையில் கூடுதலாகப் பணம் வரும். "அப்ரண்டிஸ் என்றால் மலிவான கூலியாள்" என்கிறார் அண்ணன். எதில் போவது ஐயா?

தம்பி, வீட்டில் அடுப்பு எரிய உன் பணம்தான் வேண்டும் என்றால் கான்ட்ராக்டுக்குப் போ. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஓர் ஆண்டு தாக்குப்பிடிக்க முடியும் என்றால் அடுத்து நான் சொல்வதையும் வாசி.

ஐடிஐயில் ஒரு சதுரத் துண்டை அரத்தால் ராவி, இன்னொரு துண்டின் காடிக்குள் பொருத்திக் காட்டி மதிப்பெண் வாங்கியிருப்பாய். தப்பினால் இன்னொரு துண்டு கொடுத்திருப்பார்கள். தொழிற்சாலையில் பம்பின் பேரிங்கை மாற்றும்போது தப்பினால் அந்த ஷிப்டே நிற்கும். நான் முதல் முறை பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றப் போனேன். ஃபோர்மேன் ஒன்றும் திட்டவில்லை. சுத்தியலை வாங்கி வைத்துவிட்டு, பேரிங்கை எண்ணெயில் போட்டுச் சூடாக்கினார். அது தண்டின்மேல் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. வெப்பத்தால் உலோகம் விரியும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அது எதற்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கான்ட்ராக்டில் போகிறவனை ஓர் இயந்திரத்தின் முன்னால் நிறுத்தினால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அப்ரண்டிஸுக்குப் பாடத்திட்டம் உண்டு. பராமரிப்பு, அசெம்ப்ளி, தரக்கட்டுப்பாடு என்று பிரிவு பிரிவாக மாற்றிப் பயிற்சி தர நிறுவனம் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் உன் அண்ணன் சொல்வதும் முழுப் பொய் அல்ல. பாடத்திட்டத்தைப் பீரோவுக்குள் பூட்டி வைத்துவிட்டு, ஆளை மட்டும் உற்பத்தியில் இறக்கும் இடங்கள் இருக்கின்றன. அதனால் சேரும் முன் "எந்த மாதம் எந்தப் பிரிவு?" என்று கேள். அட்டவணையை எடுத்துக் காட்டினால் தயங்காமல் சேர். "அதெல்லாம் உள்ளே வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால் கான்ட்ராக்டே மேல், அதில் பணமாவது வரும்.

பத்தாம் வகுப்பு முடித்தவர்: ஐடிஐ போகாமல் நேராக அப்ரண்டிஸாகச் சேர முடியுமா?

முடியும். குறைந்தபட்ச வயது 14, அபாயகரமான தொழில் என்றால் 18. ஐடிஐயில் படித்தவர் நேராகத் தொழிற்கூடத்துக்குள் போவார். நீங்கள் முதலில் அடிப்படைப் பயிற்சி முடிக்க வேண்டும். அளவுகோல், வெர்னியர், மைக்ரோமீட்டர், பாதுகாப்பு விதிகள், கருவிகளின் பெயர்கள் எல்லாம் அதில் வரும். இது முடியாமல் ஓடும் இயந்திரத்தின் பக்கத்தில் உங்களை நிறுத்தினால் மறுத்துவிடுங்கள். விரல் பத்துதான்.

ஒரு தாய்: என் மகள் எலக்ட்ரீஷியன் அப்ரண்டிஸ். அவளுக்குத் தருவது சம்பளமா, உதவித்தொகையா? பிஎஃப், இஎஸ்ஐ பிடிப்பதில்லையே, ஏமாற்றுகிறார்களா?

அம்மா, அதில் ஏமாற்று இல்லை. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம், 18ஆம் பிரிவில், அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல என்கிறது. அதனால் அவர் பெறுவது உதவித்தொகை. இந்தச் சட்டத்தின்கீழ் சேர்ந்தவருக்குப் பிஎஃப், இஎஸ்ஐ பொருந்தாது. 2019இல் விதிகளைத் திருத்தியபோது குறைந்தபட்சத் தொகையைப் படிப்புக்கு ஏற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை வைத்தார்கள். ஐடிஐ சான்றிதழ் உள்ளவருக்கு 7,000. அது அடித்தளம் மட்டுமே. கூடுதலாகத் தரக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை.

தொழிலாளி இல்லை என்பதால் பாதுகாப்பும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தொழிற்சாலைகளுக்கான உடல்நலம், பாதுகாப்பு, நலன் பற்றிய விதிகள் அவளுக்கும் உண்டு. பயிற்சியின்போது விபத்து நேர்ந்தால் இழப்பீடு தர வேண்டியது நிறுவனம். ஓவர்டைம் பார்க்கச் சொல்வதற்கு அப்ரண்டிஸ் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். பயிற்சிக்கு அது நல்லது அல்லது பொதுநலனுக்குத் தேவை என்று அவருக்குத் தோன்றினால்தான் ஒப்புதல் தர முடியும். "இன்றைக்கு ஆள் குறைவு" என்பது பயிற்சிக் காரணம் அல்ல.

பெயர் சொல்ல விரும்பாதவர்: எட்டு மாதமாக ஒரே பிரஸ் இயந்திரத்தில் நிற்கிறேன். தினமும் இத்தனை பீஸ் என்று கணக்குக் கேட்கிறார்கள். குறைந்தால் உதவித்தொகையில் பிடிக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. சட்டத்தின் 13ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: அப்ரண்டிஸுக்குப் பீஸ் கணக்கில் பணம் தரக் கூடாது, உற்பத்தி போனஸ் போன்ற ஊக்கத் திட்டங்களிலும் அவரை இழுக்கக் கூடாது. காரணம் எளிது. எண்ணிக்கை துரத்தும்போது எவனும் கற்றுக்கொள்ள மாட்டான். ஒரு வேலையை மெதுவாக, கெடுத்து, மறுபடி செய்து பார்க்கும் உரிமைதான் பயிற்சி. பீஸ் கணக்கு அதைத்தான் முதலில் பறிக்கும்.

என்ன செய்யலாம்? முதலில் டைரி எழுதுங்கள். தேதி, ஷிப்ட், பிரிவு, என்ன வேலை, யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு நாளும் இரண்டு வரி போதும். எட்டு மாதமும் "பிரஸ், பிரஸ், பிரஸ்" என்று இருந்தால் அதுவே சாட்சி. ஒவ்வொரு அப்ரண்டிஸின் முன்னேற்றத்துக்கும் பதிவேடு வைத்திருப்பது நிறுவனத்தின் கடமை. அந்தப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பயிற்சிப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அதில் நீங்கள் நான்கு பிரிவு சுற்றி வந்திருப்பீர்கள், காகிதத்தில்!

அதற்கும் வழி பிறக்கவில்லை என்றால் அப்ரண்டிஸ் ஆலோசகருக்கு எழுதுங்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் இயங்கும் நிறுவனம் என்றால் மத்திய அரசின் ஆலோசகர். தமிழ்நாட்டில் மட்டும் இயங்கும் தனியார் நிறுவனம் என்றால் மாநில வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை. ஒப்பந்தம் பற்றிய தகராறுகளைத் தீர்க்கும் அதிகாரம் ஆலோசகருக்கு இருக்கிறது.

இன்னொருவர்: என் நியமனக் கடிதத்தில் "டிரெய்னி" என்று போட்டிருக்கிறார்கள். அதுவும் அப்ரண்டிஸும் ஒன்றுதானே?

இல்லை. அப்ரண்டிஸ் என்றால் உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே ஒப்பந்தம் எழுதி, அரசு இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லை என்றால், பயிற்சி முடிந்ததும் தேர்வும் இல்லை, தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழும் இல்லை. கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஓர் அனுபவக் கடிதம் வரும், அவ்வளவுதான். டிரெய்னி என்று பெயர் வைத்துத் தொழிலாளி வேலையை வாங்கினால் தொழிலாளிக்குரிய உரிமைகளைக் கேட்க உங்களுக்கு வழி உண்டு. அது வேறு சட்டம், வேறு சண்டை.

பாலிடெக்னிக் மாணவி: டிப்ளமோவுக்கும் இது உண்டா?

உண்டு. 1973இல் சட்டத்தைத் திருத்திப் பட்டதாரி, டிப்ளமோ பொறியாளர்களையும் சேர்த்தார்கள். உங்களுக்கான பயிற்சி ஓராண்டு. தெற்கு மாநிலங்களுக்கு இதைக் கவனிப்பது சென்னை தரமணியில் இருக்கும் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். படிப்பு முடிந்து ஆண்டுகள் ஓடிவிட்டால் தகுதி போய்விடும். ஆகவே "முதலில் வேலை தேடுவோம், கிடைக்காவிட்டால் இது" என்று ஒத்திப்போடாதீர்கள்.

பட்டறை உரிமையாளர்: என்னிடம் 12 பேர் வேலை செய்கிறார்கள். நான் அப்ரண்டிஸ் வைத்துக்கொள்ளலாமா? பெரிய கம்பெனிக்குத்தானே இதெல்லாம்?

தாராளமாக வைத்துக்கொள்ளலாம். 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்கு இது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை இருந்தால் விருப்பம். கட்டாயம் உள்ளவர்கள், கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்த மொத்தப் பணியாளர்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும். 2016இல் தொடங்கிய தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசு ஏற்கிறது.

உண்மையைச் சொன்னால், சின்னப் பட்டறையில் கற்றவன் கையில் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. பெரிய ஆலையில் லேத் ஓட்டுபவன் லேத் மட்டுமே ஓட்டுவான். உங்கள் இடத்தில் வருகிறவன் லேத்தும் ஓட்டி, வெல்டிங்கும் வைத்து, வாடிக்கையாளரிடம் அளவும் வாங்கி வருவான். ஆனால் ஒன்று: சொல்லிக்கொடுக்க ஓர் ஆளை ஒதுக்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள். உங்கள் மூத்த மெக்கானிக்குக்குத் தொழிலை மறைத்து வைக்கும் குணம் இருந்தால் பையன் ஒரு வருடம் டீ வாங்கித் திரும்புவான். என் முதல் மூன்று மாதம் அப்படித்தான் போயிற்று. கேண்டீனில் எந்த நேரம் வடை சூடாக இருக்கும் என்பதில் நான் நிபுணன்.

ஒருவர்: பிடிக்கவில்லை. பாதியில் விட்டால்?

ஒப்பந்தத்தை எந்தப் பக்கம் மீறினாலும் இழப்பீட்டுப் பேச்சு வரும். நீங்கள் காரணமின்றி விட்டால் நிறுவனம் பயிற்சிச் செலவைக் கேட்கலாம். நிறுவனம் தன் கடமையில் தவறி ஒப்பந்தம் முறிந்தால் அது உங்களுக்குத் தர வேண்டும். விடுவதாக இருந்தால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள், எழுதிக் கொடுத்துவிட்டு விடுங்கள்.

ஆசிரியர் ஒருவர்: ஜெர்மனியைப் பார்த்து நாம் கற்க வேண்டும் என்கிறார்களே, அங்கே என்ன விசேஷம்?

அங்கே அப்ரண்டிஸ் வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளியில் இருப்பார், மற்ற நாட்களில் நிறுவனத்தில். பெரும்பாலான தொழில்களுக்கு மூன்று முதல் மூன்றரை ஆண்டு. பள்ளியில் இருக்கும் நாளுக்கும் நிறுவனம் பணம் தரும். கடைசித் தேர்வை நடத்துவது தொழில் வணிகச் சங்கம், பயிற்சி தந்த முதலாளி அல்ல. அதனால் முதலாளி சொல்லிக்கொடுக்காமல் விட்டது தேர்வில் வெளியே வந்துவிடும்.

நம்மிடம் வழக்கமாகப் படிப்பு முதலில், வேலை பிறகு. இரண்டாண்டு ஐடிஐ, அடுத்து ஓராண்டு ஆலை. இப்போது சில ஐடிஐக்களில் இரட்டைப் பயிற்சி முறை வந்து, படிக்கும் காலத்திலேயே ஒரு பகுதியை ஆலைக்கு அனுப்புகிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் ஆசிரியர் என்பதால் உங்களிடம் ஒன்று சொல்கிறேன். நம் சட்டத்தின் 10ஆம் பிரிவைப் பாருங்கள். ஆலையில் இருக்கும் காலத்திலும் தொழிலுக்கு ஏற்ற தியரி வகுப்பு தர வேண்டும், அந்த வகுப்பில் உட்காரும் நேரம் ஊதியம் பெறும் வேலை நேரமாகக் கருதப்படும் என்று அது எழுதி வைத்திருக்கிறது. ஜெர்மனிக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. நம் ஆலைகளில் அந்த வகுப்பு நடக்கிறதா என்று பார்க்கத்தான் ஆளில்லை. நான் பயிற்சிப் பிரிவில் இருந்தபோது சனிக்கிழமை வகுப்புக்குப் பையன்களை விடுவிக்கச் சொல்லி ஒவ்வொரு ஃபோர்மேனிடமும் கெஞ்சியிருக்கிறேன். "இந்த வாரம் டிஸ்பாட்ச் இருக்கிறது" என்பார்கள். டிஸ்பாட்ச் இல்லாத வாரத்தை நான் கண்டதில்லை.

கடைசியாக, பலர் கேட்டது: முடித்தால் அதே கம்பெனியில் நிரந்தரம் ஆக்குவார்களா?

ஆக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஒப்பந்தத்திலேயே அப்படி ஒரு வரி இருந்தால் மட்டும் நிறுவனம் கட்டுப்படும். அதே போல, அங்கேயே வேலை பார்க்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கும் இல்லை. 1995இல் உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான வழக்கில், மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி பெற்ற அப்ரண்டிஸுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்னுரிமை வேறு, வேலை வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு வாயிலில் உட்கார்ந்து காலத்தைக் கழித்தவர்களை நான் அறிவேன். ரயில்வேயில் பயிற்சி முடித்த ஆக்ட் அப்ரண்டிஸ்களுக்கு லெவல் 1 எனப்படும் தொடக்க நிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. அங்கேயும் தேர்வு எழுதித்தான் வர வேண்டும்.

சான்றிதழ் வந்ததும் நகல் எடுத்து, டைரியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நேர்முகத்தில் "என்ன தெரியும்?" என்று கேட்டால் சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு டைரியைத் திறங்கள். நான் ஆள் எடுத்த காலத்தில் எண்ணெய்க்கறை படிந்த டைரி கொண்டுவந்தவனிடம் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை.